சுருட்டைத் தலைமயிருக்கு மருதோண்டி: கொண்டிஷனரில கலந்து போட்டுப் பாத்தது

மருதோண்டியைத் தலைக்குப் போடுறது எங்கட பக்கத்தில புதுசில்லை. ஆனா ஆரைக் கேட்டாலும் ஒண்டில் நரையை மறைக்க, இல்லாட்டி உடம்புச் சூட்டைத் தணிக்க எண்டுதான் சொல்லுவினம். சுருட்டைக்காரர் அதை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு ஒருத்தரும் தனியாச் சொல்லித் தாறேல்ல, நேர் தலைமயிருக்குச் செய்யிறதையே எங்களையும் செய்யச் சொல்லுவினம், பச்சை இலையை அம்மியில அரைச்சு அப்பி, ராத்திரி முழுக்கச் சீலையால கட்டிக்கொண்டு படுத்து, விடிய எழும்பிக் கிணத்தடியில ஊத்திக் கழுவுறது. சுருட்டைக்கு அது ஒத்துவராது. எனக்குச் சரிவந்தது வேற மாதிரி. கொண்டிஷனரோட கலந்து மெல்லிசாப் போடோணும், ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வைக்கத் தேவையில்லை, அதைவிட முக்கியம் கடைசியா எந்தத் தண்ணியில அலசுறம் எண்டது. நான் செய்த ஒழுங்கிலயே எல்லாத்தையும் எழுதுறன்.

என்ர தலைமயிர் நனைஞ்சா முதுகின்ர நடு வரைக்கும் வரும், காய்ஞ்சா சுருண்டு தோளுக்கு ஏறிடும். உச்சியில எண்ணெய்ப் பிடிப்பு, நுனியில வறட்சி. சுருட்டைக்காரர் எல்லாருக்கும் இது தெரிஞ்ச விஷயம்தான். சுருட்டை மயிர் ஒண்டைக் குறுக்கா வெட்டிப் பாத்தா வட்டமா இருக்காது, தட்டையான நீள்வட்டமா இருக்கும், அது வளைஞ்சு வளைஞ்சு வளருறதால தலைத்தோலில ஊறுற எண்ணெய் அந்த வளைவெல்லாம் தாண்டி நுனிக்கு வந்து சேராது. வளையிற இடங்களில செதில் செதிலா அடுக்கியிருக்கிற மேல்படையும் கொஞ்சம் கிளம்பி நிக்கும், அந்த இடத்தாலதான் ஈரம் கெதியா வெளியில போறது, அந்த இடத்திலதான் மயிர் முறியிறதும். பள்ளிக்கூடக் காலத்தில தேங்காயெண்ணெயை அள்ளி வைச்சு ரெட்டைப் பின்னல் போட்டு ரிபன் கட்டி விட்டதால இந்தப் பிரச்சினை வெளியில தெரியேல்ல. பின்னலை அவிட்டு விடத் தொடங்கின பிறகுதான், அதுவும் வைகாசிக்குப் பிறகு சோழகக் காத்து வீசத் தொடங்கினா, ஒவ்வொரு மயிரும் ஒவ்வொரு திசையில நிக்கும்.

மருதோண்டி இதுக்கு என்ன செய்யுது எண்டு விளங்கிக்கொண்டு செய்யிறது நல்லது. இலையில லோசோன் எண்டு ஒரு சாயப்பொருள் இருக்கு, காய்ஞ்ச இலையின்ர நிறையில 1 வீதம், கூடிப்போனா 2 வீதம் அளவுக்குத்தான். அது சின்ன மூலக்கூறு எண்டதால மயிரின்ர மேல்படைக்குள்ள இறங்கி, மயிர் எதால ஆனதோ அந்தக் கெரட்டின் புரதத்தோடயே பிணைஞ்சு போகும். கடைக் கொண்டிஷனர் மேல படிஞ்சு அடுத்த முழுக்கில கழுவுண்டு போயிடும், லோசோன் அப்பிடிப் போகாது. மயிர் கொஞ்சம் தடிச்ச மாதிரி, பலமான மாதிரி, மினுக்கமா இருக்கிறது இதாலதான். ஆனா இதே குணம்தான் சுருட்டைக்குக் கவனமா இருக்கவேண்டிய இடமும். திரும்பத் திரும்பத் தடிப்பாப் போட்டா மயிர் பாரமாகிச் சுருள் தளரும், சிலருக்கு விறைச்சுப்போகும். சுருளைத் தளத்தத்தான் விருப்பம் எண்டா அது வேற கதை. எனக்குச் சுருள் வேணும், வறட்சியும் சிலும்பலும்தான் வேண்டாம். அதாலதான் கொண்டிஷனரில கலந்து போடுற வழிக்கு வந்தன்.

இனித் தண்ணி. எங்கட வீடு யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம். குடாநாட்டில ஆறு எண்டு சொல்ல வழுக்கையாறு இருக்கு, அதுவும் மாரியில மட்டும்தான் ஓடும், மிச்சத்துக்கெல்லாம் கிணறுதான். நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க கல்சியத்தைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலைத் திறந்து பாத்தா அடியில வெள்ளையாப் படை படையா ஒட்டியிருக்கும், கரண்டியால சுரண்டினாத் தகடாக் கழரும். அந்தத் தண்ணியிலதான் நாங்கள் ஒவ்வொரு கிழமையும் தோயிறம். சவர்க்காரம் நுரைக்காது, சம்பூ போட்டாலும் அலசின பிறகு மயிரை ரெண்டு விரலுக்கு நடுவில பிடிச்சு இழுத்தா வழுக்காமக் கிறீச்செண்டு பிடிக்கும். சுருட்டை மயிருக்கு மேல்படை கிளம்பி நிக்கிறதால கல்சியம் வந்து படியிறதும் கூட. எவ்வளவு விலையான கொண்டிஷனர் வாங்கினாலும் இந்தப் படிவுக்கு மேலதான் போய் இருக்கும். மருதோண்டி ஒத்துவரேல்ல, தும்பு மாதிரி ஆயிட்டுது எண்டு சொல்லுற ஆக்களில கனபேருக்குப் பிரச்சினை மருதோண்டியில இல்லை, அலசின தண்ணியிலதான் எண்டது என்ர எண்ணம்.

இலை எங்கட வளவிலயே இருக்கு. அம்மம்மாட சீதன வளவு, வேலிக்கரையில ஒரு பழைய மருதோண்டி நிக்குது, முத்தின கொப்பில முள்ளிருக்கும், கையை விடேக்க கவனம். குருத்துக்குக் கிட்ட இருக்கிற இளம் இலையிலதான் சாயம் கூட, அதால நுனிக் கொப்பாப் பாத்து முறிச்சு, கடகத்தில போட்டுக்கொண்டு வந்து, ஒருக்கா அலசித் துடைச்சு, விறாந்தையில பாயை விரிச்சுப் பரவி விட்டன். வெயிலில போடக்கூடாது, பச்சை வெளிறிப் பழுப்பாப் போயிடும். சோழகம் வீசிற நாள் எண்டா நிழலிலயே ரெண்டு மூண்டு நாளில கையால கசக்க நொறுங்கிற பதத்துக்கு வந்திடும். காய்ஞ்ச உடன சுளகில போட்டுப் புடைச்சுக் காம்பையும் சின்னத் தடியளையும் எடுத்துப் போட்டிட்டு, கிரைண்டரில ஈரமில்லாத சின்னச் சாடிக்குள்ள போட்டு அடிச்சன். ஒரு கடகம் நிறைய முறிச்ச இலை கடைசியில ஒரு ஜாம் போத்திலுக்குள்ள அடங்கிற தூளாத்தான் வரும், அதுக்கு மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கோ.

அரிக்கிறதுதான் இதில மினக்கெட வேண்டிய வேலை, இதில அவசரப்படவே கூடாது. முதல் அரிதட்டில அரிச்சன். அரிச்சு விழுந்தது கண்ணுக்கு நல்ல மாவாத்தான் தெரிஞ்சுது, ஆனா பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில ஒரு நுள்ளு வைச்சு ஒரு சொட்டுத் தண்ணி விட்டுத் தேய்ச்சா நெருடுது. அந்த நெருடல் இலை நரம்பு. நேர் தலைமயிரில அது தண்ணியோட வழுக்கி விழுந்திடும், சுருட்டைக்குள்ள போனா வளைவுக்கு வளைவு சிக்கிக்கொண்டு நிக்கும், அதைச் சீப்புப் போட்டு இழுத்து எடுக்கேக்க முறியிற மயிரைப் பாத்தா மருதோண்டி போட்டதில ஒரு பிரயோசனமும் இல்லை. அதால அம்மாட பழைய வொயில் சீலையில ஒரு துண்டு கிழிச்சு, வாய் அகண்ட போத்திலுக்கு மேல கொஞ்சம் தொய்வா விட்டு றப்பர் பாண்டால இறுக்கி, ரெண்டு கரண்டி தூளை மேல போட்டுக் கரண்டியின்ர முதுகால வட்டமா உரசிக்கொண்டே இருந்தன். மெல்லிசாப் பச்சைத் தூள் உள்ளுக்க இறங்கும், நரம்பு எல்லாம் சீலைக்கு மேல தங்கும். தூசி பறக்கும், மூக்கைத் துணியால கட்டிக்கொண்டு காத்தில்லாத அறைக்குள்ள இருந்து செய்யுங்கோ. மேல தங்கினதைத் திரும்பக் கிரைண்டரில போட்டு இன்னொருக்கா அரிக்கலாம். கடைசியா விரலால தேய்க்கேக்க ஒண்டுமே நெருடக்கூடாது, அதுதான் கணக்கு.

வளவில மரம் இல்லாத ஆக்கள் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம், சுன்னாகம் பக்கம் கடையளில தூள் வாங்கலாம், ஆனா பக்கற்றைத் திருப்பி என்ன சேர்த்திருக்கு எண்டு வாசியுங்கோ. மருதோண்டி இலைத்தூள் எண்டு மட்டும் இருக்கோணும். கறுப்பு மருதோண்டி, பத்து நிமிஷத்தில கறுக்கும் எண்டெல்லாம் போட்டிருந்தா வாங்க வேண்டாம். மருதோண்டி கறுப்புச் சாயம் தாற சாமானே இல்லை, அது செம்மஞ்சளும் செம்மண்ணிறமும்தான் தரும், இப்பிடிக் கெதியாக் கறுப்பா வருது எண்டா பாரா ஃபெனிலீன் டையமைன் எண்ட இரசாயனச் சாயம் சேர்த்திருக்கலாம், அது ஒவ்வாத ஆக்களுக்குத் தலைத்தோல் பொங்கி, கண்ணெல்லாம் வீங்கும், ஒருக்கா ஒவ்வாமை வந்தா வாழ்நாளுக்கும் அது உடம்பில நிக்கும். சில தூளில உலோக உப்பு வகையளும் இருக்கும், அதைப் போட்டிட்டுப் பிறகு சலூனில பிளீச் செய்தா இல்லாட்டி பெரொக்சைட் கலந்த டை போட்டா மயிர் சூடாகிக் கருகிற அளவுக்கும் போகலாம். அதைவிட, பச்சையா இருக்கிற தூள் நல்லது, மண்ணிறமா இருந்தா பழசு, சாயம் செத்திருக்கும். ஆனா கடுமையான பளிச்செண்ட பச்சையா இருந்தாலும் யோசியுங்கோ, நிறம் சேர்த்து விக்கிற ஆக்களும் இருக்கினம். ஒரு கண்ணாடிக் கிளாசில தண்ணி விட்டு ஒரு நுள்ளுத் தூளைப் போட்டா, உடன பச்சை நிறம் தனியாக் கரைஞ்சு ஓடினா அது இலையின்ர நிறம் இல்லை.

முழுத்தலைக்கும் போட முதல் சீப்பில வந்த மயிரை வைச்சுச் சோதிச்சன். இதை ஆர் செய்யிறதெண்டாலும் விடக்கூடாது எண்டு சொல்லுவன், இதுக்குச் செலவு ஒண்டுமில்லை. தோய்ஞ்சு சிக்கெடுக்கேக்க வாற மயிரைக் கொஞ்ச நாளாச் சேர்த்து வைச்சு, அதோட சின்னம்மாட்ட கேட்டு அவட நரைமயிரும் கொஞ்சம் வாங்கிக் கலந்து, சின்னச் சின்னப் பிடியாப் பிரிச்சு ஒவ்வொண்டையும் ஒவ்வொரு நிற நூலால கட்டினன். சிவப்பு நூல் கட்டினது தனி மருதோண்டிக் குழையலுக்குள்ள ராத்திரி முழுக்க. நீல நூல் கட்டினது கொண்டிஷனர்க் கலவைக்குள்ள ரெண்டு மணித்தியாலம். வெள்ளை நூலுக்கு வெறும் கொண்டிஷனர் மட்டும். பிறகு நீல நூலிலயே ரெண்டு பிடி எடுத்து ஒண்டைக் கிணத்துத் தண்ணியிலயும் மற்றதைப் போன மாரியில பிடிச்சு மூடி வைச்ச மழைத்தண்ணியிலயும் அலசி, எல்லாத்தையும் ஒரு கொடிக்கயிறில கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக் காயவிட்டன்.

காய்ஞ்ச பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாத்தன். சிவப்பு நூல் பிடி நல்ல மினுக்கம், ஆனா பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பாத்தா வெள்ளை நூல் பிடியைவிட நீளம் கூடின மாதிரித் தெரியுது, மயிர் வளரேல்ல, சுருள் தளந்ததுதான். நரை நல்ல செம்மஞ்சளா ஏறியிருக்கு. நீலப் பிடியில சுருள் அப்பிடியே இருக்கு, நுனியைப் பிடிச்சு இழுத்து விட்டா திரும்பத் தன்ர இடத்துக்குப் போகுது, நரை வெளிறின தேன் நிறம். ஆனா கிணத்துத் தண்ணியில அலசின நீலப் பிடியும் மழைத்தண்ணியில அலசின நீலப் பிடியும் ஒரே தலைமயிர் எண்டு சொல்லேலாது. கிணத்துத் தண்ணிப் பிடி மங்கல், விரலால நுனியில இருந்து அடிப்பக்கமாத் தடவினா சொரசொரப்பு. மற்றது ரெண்டு பக்கமாத் தடவினாலும் வழுக்குது. இதைப் பாத்த பிறகுதான் தண்ணியில எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது.

இனிக் கலவை. தோளுக்குக் கீழ வாற தடிப்பான தலைமயிருக்கு 4 மேசைக்கரண்டி மருதோண்டித் தூள், 1 மேசைக்கரண்டி நெல்லிக்காய்த் தூள், ஒரு கப், அதாவது 250 மில்லிலீற்றர் அளவு, கொண்டிஷனர். நெல்லித்தூளில புளிப்பிருக்கு, சுருள் தளராமலிருக்க உதவும் எண்டு சொல்லிச் சுருட்டைக்காரர் கனபேர் சேர்க்கினம், எனக்கும் அது பிடிச்சிருக்கு. ஆனா நெல்லி சேர்க்கிறதெண்டா இரும்புச் சட்டி வேண்டாம், நெல்லியும் இரும்பும் சேர்ந்தா மை மாதிரிக் கறுக்கும், பீங்கான் கோப்பையும் மரக்கரண்டியும் காணும். கொண்டிஷனர் விலை குறைஞ்சது போதும், ஆனா பின்பக்கத்தில டைமெதிகோன் மாதிரி கோன் எண்டு முடியிற பேர் இல்லாததாப் பாத்து எடுத்தன், அது சிலிக்கோன், மயிருக்கு மேல மெல்லிய உறை போட்டிடும், பிறகு மருதோண்டிக்கு மயிரைத் தொட வழி குறையும்.

முதல் தூள் ரெண்டையும் கை பொறுக்கிற சூட்டில இருக்கிற தண்ணி விட்டுக் கட்டியில்லாமக் குழைச்சு மூடி வைச்சன். எங்கட வெக்கைக்கு ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில மேல்பக்கம் பச்சையில இருந்து மண்ணிறமா மாறும், கரண்டியால விலத்திப் பாத்தா உள்ளுக்கப் பச்சையாவே இருக்கும். சாயம் வெளியில வரத் தொடங்கிட்டுது எண்டதுக்கு அதுதான் அடையாளம். குளிர் நாட்டில இருக்கிற ஆக்கள் இதுக்கு ராத்திரி முழுக்க வைக்கோணும், இஞ்ச அவ்வளவு நேரம் வைச்சா சாயம் வந்து முடிஞ்சு வீணாப் போயிடும். அதுக்குப் பிறகுதான் கொண்டிஷனரைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலந்தன். கடைசியா செவ்வரத்தை இலையில ஒரு பிடியைத் தண்ணியில போட்டுக் கசக்கி வடிச்ச வழுவழுப்பையும் ஒரு அரைக் கப் அளவுக்குச் சேர்த்தன். அம்மம்மா காலத்தில சம்பூ வாங்காம இதாலதான் தோய்ஞ்சவை, சுருட்டையில சிக்கெடுக்க இதைவிட நல்ல சாமான் எனக்கு இன்னும் கிடைக்கேல்ல. மொத்தத்தில கெட்டியான தயிர்ப் பதத்துக்கு வந்திட்டா சரி, அதைவிடத் தண்ணியாப் போனா கழுத்தால வழியும்.

தேசிக்காய்ப்புளி, முட்டை, தயிர், கோப்பித்தூள் எண்டு ஆளுக்கொண்டு சேர்க்கச் சொல்லுவினம். சுருட்டைக்குத் தேசிக்காய்ப்புளியைக் குழையலுக்குள்ள நேராக் கன நேரம் வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல, ஏற்கனவே வறண்ட நுனியை அது இன்னும் வறளப் பண்ணும். அதோட தேசிக்காய்ப்புளி தோலில வடிஞ்ச நேரம் வெயிலுக்குப் போனா தோல் எரிஞ்சு கறுக்கும். முட்டையின்ர வெடுக்கு மணம் போறதுக்கே இன்னொருக்காத் தோயவேண்டி வரும். எண்ணெயையும் கலவைக்குள்ள விட வேண்டாம், தேங்காயெண்ணெய் மயிருக்குள்ளயே ஊறிற அருமையான எண்ணெய்தான், ஆனா அதை இன்னொரு நாளைக்கு வைச்சுக்கொள்ளலாம்.

போடுற அண்டைக்குக் காலமையே சம்பூ போட்டு எண்ணெய்ப் பிசுக்கில்லாமத் தோய்ஞ்சு, ஈரம் சொட்டாமத் துவாயால ஒத்தி எடுத்தன், தேய்க்கேல்ல. நெத்திக்கரை, காது, பிடரி எல்லாத்திலயும் வஸ்லின் பூசிக்கொண்டன், இல்லாட்டி தோலில செம்மஞ்சள் பிடிச்சு ரெண்டு மூண்டு நாளைக்கு நிக்கும். கிளவுஸ் கட்டாயம். தலைமயிரை நாலு பங்காப் பிரிச்சுக் கிளிப் போட்டு, பின்பக்கத்தில இருந்து தொடங்கி, ஒரு பிடி ஒரு பிடியா எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில வைச்சு மேல இருந்து கீழ தடவினன், தடவி முடிய நுனியில இருந்து மேல்நோக்கிக் கையால கசக்கி விட்டன், அப்ப சுருள் தன்ர வடிவிலயே கலவைக்குள்ள இருக்கும். உச்சியில அள்ளிப் போட்டுத் தேய்க்கிறது, மேல குவிச்சு இறுக்கிக் கொண்டை போடுறது ரெண்டும் வேண்டாம். நுனிக்குத்தான் கூடத் தேவை. பிறகு ஒரு சொப்பிங் பாக்கால மூடி அதுக்கு மேல பழஞ்சீலைத் துண்டைச் சுத்தினன். மருதோண்டி காய்ஞ்சா வேலை செய்யாது, கழுவுறதும் வில்லங்கம், அதால காத்துப் போகாம மூடியிருக்கோணும்.

அம்மம்மா பாத்திட்டு, “மாரிக்குள்ள இதை அப்பாதை பிள்ளை, தடிமன் பிடிச்சு நெஞ்சில சளி கட்டும்” எண்டவ. தடிமன் இதாலதான் வரும் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா குளிர் எண்டது சரி. ஈரக் கலவை தலையில கன நேரம் இருந்தா நல்லாக் குளிரும், வாடைக் காத்து வீசிற மார்கழி, தை மாசத்தில நான் போடுறேல்ல, பீனிசம் உள்ள ஆக்கள் வெயில் நாளிலயும் ஒரு மணித்தியாலத்தோட கழுவுங்கோ.

கழுவுறதுக்கு ஓடுற பைப்புக்குக் கீழ தலையைப் பிடிச்சா மணிக்கணக்கா நிக்கவேணும். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணி எடுத்து, குனிஞ்சு தலையை உள்ளுக்க விட்டு, கையால விரிச்சு மெதுவா ஆட்ட ஆட்டக் கலவை தன்ர பாட்டில கழண்டு கீழ அடையும். தண்ணியை மாத்தி மாத்தி வாளி தெளியும் மட்டும் செய்தன். இதுக்குக் கிணத்துத் தண்ணியே போதும். கடைசியில மணல் மாதிரிக் கொஞ்சம் நிண்டா வெறும் கொண்டிஷனரை அள்ளிப் பூசி விரலால கோதி அலசினா அதோட சேர்ந்து வந்திடும். அண்டைக்குச் சம்பூ போடக்கூடாது. அலசின தண்ணியை வெள்ளைச் சீமெந்து நிலத்தில ஊத்தாதையுங்கோ, கறை பிடிக்கும், வாழையடியில ஊத்தலாம்.

அதுக்குப் பிறகுதான் முக்கியமான அலசல். மழைத்தண்ணி இருந்தா ரெண்டு லீற்றர் காணும், மேல இருந்து மெதுவா ஊத்திக் கையால பிழிஞ்சு விட்டாச் சரி. மழைத்தண்ணி பிடிக்கிறதெண்டா ஐப்பசியில முதல் மழையை விட்டிடுங்கோ, அது ஓட்டில இருக்கிற தூசி, பறவை எச்சம் எல்லாத்தையும் கழுவிக்கொண்டு வரும், நாலைஞ்சு மழைக்குப் பிறகு பீலியால வாறதை வெள்ளைத்துணியால வடிச்சு மூடி வைச்சா தலைக்குக் கன நாளைக்குப் பாவிக்கலாம். மழைத்தண்ணி இல்லாட்டி ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி தென்னை வினாகிரி. புளிப்பு கல்சியப் படிவைக் கரைக்கும், கிளம்பி நிக்கிற மேல்படையும் படியும். கேத்திலுக்குள்ள இருக்கிற வெள்ளையில வினாகிரியை விட்டுப் பாருங்கோ, நுரைச்சுக் கொண்டு கரையும், அதே வேலைதான் இதுவும், தலைக்கு எண்டதால ஐதாக்கிப் பாவிக்கிறம். மணம் காய்ஞ்ச உடன போயிடும். இதை மருதோண்டி போடுற நாளில மட்டுமில்லாமக் கிழமைக்கு ஒருக்காச் செய்யலாம். மருதோண்டியே போடாத ஆக்களுக்கும் இது ஒண்டைச் செய்தாலே சுருட்டை திருந்தும் எண்டு நான் துணிஞ்சு சொல்லுவன்.

காயவைக்கத் துவாய் வேண்டாம், பழைய பருத்தி ரீசேட் ஒண்டால கீழ இருந்து மேல ஒத்திக் கசக்கி விட்டிட்டு அப்பிடியே விட்டன்.

போட்ட அண்டைக்கே பாத்து முடிவெடுக்காதையுங்கோ. முதல் நாள் தலை முழுக்க வைக்கோல் மணம், மயிர் கொஞ்சம் விறைப்பாத்தான் இருக்கும், நிறமும் வெயிலில பாத்தா எடுப்பாச் செம்மஞ்சள் அடிக்கும். ரெண்டு மூண்டு நாளில காத்துப் பட்டு நிறம் ஆழமாகி அடங்கும், அடுத்த தோய்ச்சலோட விறைப்பும் போயிடும். எனக்கு அதுக்குப் பிறகுதான் வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சது. சுருள் ஒண்டோட ஒண்டு சேர்ந்து கயிறு கயிறா நிக்குது, நுனியில பிஞ்சு நிண்டது படிஞ்சிருக்கு, சீப்பில வாற முறிஞ்ச மயிர் குறைஞ்சு போச்சு. வெடிச்ச நுனியை மருதோண்டி ஒட்டாது, அதை வெட்டத்தான் வேணும், நானும் ஒரு விரல் அளவு வெட்டின பிறகுதான் போட்டனான். கறுத்த தலையில நிறம் நிழலுக்குள்ள தெரியவே தெரியாது, வெயிலுக்க நிண்டாத்தான் ஒரு சிவப்பு.

சின்னம்மாவுக்கு ஆசை வந்திட்டுது, ஆனா நீல நூல் பிடியைக் கையில எடுத்துப் பாத்திட்டு, “உனக்குக் கறுத்த தலை, மறைஞ்சிடும், எனக்கு முன்னுக்கு நிக்கிற நரையெல்லாம் தேன் நிறமா நிக்குமே, கந்தோருக்கு நான் எப்பிடிப் போறது?” எண்டு கேட்டா. அவ கேட்டது நியாயம்தான், எவ்வளவு மெல்லிசாப் போட்டாலும் நரையில நிறம் பிடிக்கும், அந்த நிறம் கழுவுண்டு போகாது, வளர்ந்து வெட்டினாத்தான் போகும். அதால நரை உள்ள ஆக்கள் முதல் நூல் கட்டிப் பாத்து அந்த நிறத்தோட இருக்கலாம் எண்டா மட்டும் போடுங்கோ. சின்னம்மாவுக்கு மருதோண்டி இல்லாமச் செவ்வரத்தையும் கொண்டிஷனரும் பூசி வினாகிரித் தண்ணியில அலசி விட்டன், அவவுக்கு அது காணும்.

தலையை நேராக்க ரீபொண்டிங் செய்த ஆக்கள், கிட்டடியில டை அடிச்ச ஆக்கள் அந்த மயிரில ஒரு பிடியைச் சோதிச்சுப் பாக்காம முழுத்தலைக்கும் போக வேண்டாம். குழந்தைப்பிள்ளையளின்ர தலைக்கோ கைகாலுக்கோ மருதோண்டி பூசவே கூடாது. ஜீ சிக்ஸ் பீ டீ எண்ட நொதியம் குறைவா இருக்கிற பிள்ளையளுக்கு லோசோன் தோலால உள்ளுக்கப் போய் ரத்தத்தில செங்கலங்களை உடைக்கும், அந்தக் குறைபாடு இருக்கிறது கனபேருக்குத் தெரியாமலே இருக்கும். பெரிய ஆக்களிலயும் அது இருக்கு எண்டு டொக்டர் சொன்ன ஆக்கள் இதை விட்டிடோணும். மற்ற ஆக்கள் முழங்கை மடிப்பில கொஞ்சம் பூசி ஒரு நாள் பாத்திட்டுத் தலைக்குப் போங்கோ.

எத்தினை நாளைக்கு ஒருக்கா எண்டா, நான் ஆறேழு கிழமைக்கு ஒருக்காப் போடுறன், அதுவும் ரெண்டாந்தரத்தில இருந்து தூளை 3 மேசைக்கரண்டியாக் குறைச்சு நுனிப்பக்கம் மட்டும், ஏனெண்டா சாயம் ஏற்கனவே பிடிச்சு நிக்கிறதுக்கு மேல திரும்பத் திரும்ப ஏத்தினா பாரம் கூடும். சுருளை இழுத்து விட்டா முந்தின மாதிரித் திரும்பிப் போகேல்ல எண்டு கண்டா ரெண்டு மூண்டு மாசத்துக்கு விட்டிடுங்கோ. மிச்சத் தூளைக் காத்துப் போகாத போத்திலில போட்டு, இடிச்ச மாசத்தை மேல எழுதி ஒட்டி, ஃபிறிட்ஜில ஐஸ்கட்டி வைக்கிற தட்டுக்குள்ள வைச்சா பச்சை மாறாம இருக்கும். மிஞ்சின கலவையையும் எறியத் தேவையில்லை, சின்னப் பாக்கில கட்டி அதே இடத்தில வைச்சு, போடுற அண்டைக்கு வெளியில எடுத்து இளக விட்டாச் சரி.